பூவும் கொடியும் வரையட்டும்

"பிள்ளை எந்நேரமும் படம் வரைகிறது, கூடாதுதானே?" என்று தாய்மார் சிலர் எங்களிடம் கேட்கிறார்கள். நோட்டைப் பிடுங்கிவிட வேண்டாம். உருவம் வரைவது பற்றிய எச்சரிக்கையைக் கேட்டுக் கலங்கிய ஓவியர் ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது.

அந்த வாசல் சிறியதல்ல. 715-ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடித்த டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் சுவர்களில் மரங்கள், ஆறு, மாளிகைகள் எல்லாம் சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளால் பதிக்கப்பட்டுள்ளன. மனிதரோ மிருகமோ இல்லை. நம் கீழக்கரை பழைய ஜும்ஆ பள்ளியில் அதே அழகு கல்லில்: தூண்களில் பூவேலை. கோயில் தூண் செதுக்கிய அதே தமிழ் மரபுதான், சிலை மட்டும் கிடையாது.

கண்ணாடிக்கும் கல்லுக்கும் திருப்பூரில் எங்கே போவது? கட்டிங் வேஸ்ட் இருக்கிறதே! வேப்பிலையோ முருங்கையிலையோ ஒன்றைக் கையில் கொடுத்து, அல்லாஹ் படைத்த அந்த நரம்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பனியன் துணி வெட்டினால் ஓரம் சுருளும். அதனால் பழைய வேட்டித் துணியில் பசை தடவி ஒட்டி, காய்ந்தபின் வெட்டுங்கள். நொய்யலுக்கு எந்த நிறத் துண்டு என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாயத் தண்ணீரின் கதையையும் அப்போது சொல்லிவிடுங்கள்.