கோடைக்கும் வேலை வேண்டும்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. தஞ்சை டெல்டாவில் நிலமில்லாத கூலிக் குடும்பங்களின் பிழைப்பும் இந்த இரண்டு தேதிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த மாதங்களிலும் தினம் வேலை இருக்காது. நாற்றுப் பறிக்க, நட, களையெடுக்கச் சில வாரங்கள்; மற்ற நாளெல்லாம் காத்திருப்புதான். அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலியும் பெருமளவு போயிற்று. தண்ணீர் வராத ஆண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தலைமுறையாகத் தொடரும் இந்த வேலையின்மைக்கு, ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்து வழிதேடிய முயற்சி ஒன்று இதே மண்ணில் நடந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சர்வோதய ஊழியர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அதன்பின் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தர, 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

மிராசுதாரையும் நிலமற்றவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து விலை பேசுவது, கடன் வாங்கித் தருவது, சேர்ந்து பயிரிட்டு விளைச்சலில் கடனை அடைப்பது: இதுதான் வழிமுறை. வங்கிகள் தயங்கின, முத்திரைத்தாள் செலவும் கழுத்தை நெரித்தது. ஆனாலும் பேச்சாலும் சத்தியாகிரகத்தாலும் 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு, தலா ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் நிலம் கைமாறியது. பத்திரம் பெண்கள் பேரில் பதிவானது. ஆண்டை கூப்பிட்டால்தான் வேலை என்றிருந்தவள், என்றைக்கு நாற்று விடுவது என்பதைத் தானே முடிவுசெய்தாள்.

ஓர் ஏக்கர் நெல் ஆண்டு முழுக்க வேலை தராது. இதை உணர்ந்து, வயல் சும்மா கிடக்கும் மாதங்களுக்காகப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலைப் பட்டறைகளையும் லாஃப்டி நடத்தியது. 2008-இல் மாற்று நோபல் எனப்படும் விருது இத்தம்பதிக்குக் கிடைத்ததைப் பலர் அறிவார்கள். இந்தப் பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் கண்ணுக்கு நிலத்துக்கு இணையான சாதனை இதுதான்.

அரசின் நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் நாகப்பட்டினத்துக்கும், 2007-இல் தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் வந்தது. பலர் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் நூறு நாள் தாண்டியதும் பழைய நிலைதான் திரும்பியது.

நீண்டகால வேலையின்மையைப் போக்க, பிரான்சில் 2016-இல் ஒரு சட்டம் இயற்றி, 10 பகுதிகளில் வேறொரு சோதனை தொடங்கினார்கள். உள்ளாட்சி, தொண்டு அமைப்புகள், வேலை தேடுவோர் எல்லோரும் ஒரே குழுவில் அமர்ந்து, ஊருக்குத் தேவையான, ஆனால் யாரும் செய்யாத வேலைகளைப் பட்டியலிடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருப்பவர்களுக்கு அதில் நிரந்தரப் பணி.

அப்படி ஒரு குழுவுக்கு வேண்டிய ஆட்கள் டெல்டாவில் ஏற்கெனவே இருக்கிறார்கள்: ஊராட்சி, கூட்டுறவுக் கடன் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு. வேலையும் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு முன் ஈர வயலில் தெளிக்கும் உளுந்தும் பயறும் கோடையில் கைக்கு வருகின்றன. அதை மூட்டையாக விற்றுவிடாமல், ஊரிலேயே உடைத்துப் பருப்பாக்கிச் சங்கத்தின் வழியே விற்கலாம். அதற்கான உடைப்பு இயந்திரத்துக்குக் கடன் தருவதிலிருந்து கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கட்டும்.