செவிலிக்கும் பூனைக்கும் ஒரு மாடியறை

நோயுற்றவரின் படுக்கையருகே இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலிக்குப் பகலில் கண்ணயர ஓர் அறை வேண்டும். மிக எளிய தேவைதான். ஆயினும் மூன்று மாதமோ ஆறு மாதமோ பணியாற்றச் சென்னைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு இந்த எளிய தேவை எத்துணை அரிதாகிவிடுகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் தம்முடன் ஒரு பூனையையும் கொண்டு வந்துவிட்டாலோ, திறந்த கதவும் மூடிக்கொள்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே! இக்கட்டுரை இரு சாராரை நோக்கி எழுதப்படுகிறது. ஒரு சாரார், மகளையோ தங்கையையோ செவிலியர் பணிக்கு வெளியூர் அனுப்பியிருக்கும் குடும்பத்தார். மறு சாரார், மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள்.

குறுகிய காலப் பணி

அமெரிக்காவில் 'பயணச் செவிலியர்' என்றொரு பிரிவினரே இருக்கின்றனர். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் சென்று பணியாற்றுவர். உறைவிடத்திற்கென அவர்களுக்குத் தனித்தொகை கிடைப்பதுண்டு. நம் நாட்டில் அப்பெயர் வழக்கில் இல்லை; அவ்வாழ்க்கை மட்டும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, தமிழக அரசு செவிலியர்களை 6 மாத ஒப்பந்தத்தில், மாதம் 14,000 ரூபாய் ஊதியத்தில் நியமித்தது. ஒப்பந்தம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு, அவர்களுள் பலருக்கு 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. எந்த மாதம் பெட்டியைக் கட்ட நேருமோ என்ற நிலையில் இருப்பவர் எப்படி வீடு பிடிப்பார்?

இத்தகையோர்க்கு ஆதம்பாக்கம் வாய்ப்பான இடம். 2011-இல் ஆலந்தூர் நகராட்சியோடு சென்னை மாநகராட்சியில் இணைந்த பகுதி இது. அருகிலுள்ள பரங்கிமலையில் மின்சார ரயிலும் உண்டு; 2016 முதல் மெட்ரோ ரயிலும் உண்டு. அங்கு ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனைக்கு வண்டி மாறாமலே போய்விடலாம். 2023-இல் 1,000 படுக்கைகளுடன் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையோ இன்னும் அருகில். இடம் அருமையானது, வீடு கிடைப்பதுதான் அருமையிலும் அருமை!

கணக்கைப் பாருங்கள்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாத வாடகை 10,000 ரூபாய் என்று கொள்வோம். முன்பணம் 1,00,000; முதல் மாத வாடகை 10,000; தரகருக்கு ஒரு மாத வாடகை 10,000. ஆக, வீட்டினுள் காலடி எடுத்து வைக்கும் நாளில் 1,20,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். மேற்சொன்ன செவிலிக்கு ஆறு மாத ஊதியம் முழுவதையும் கூட்டினாலும் 84,000 ரூபாய்தான்! மூன்று மாதம் குடியிருக்கப் பத்து மாதப் பணத்தை ஒப்படைப்பது எவ்வகை நியாயம்? காலி செய்யும்போது வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இதனுடன் சேரும்.

சட்டம் இவ்வாறு கூறவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வீட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்பது வழக்கமேயன்றிக் கட்டாயமன்று. மூன்று மாதத்திற்கும் எழுதிக்கொள்ளலாம்.

பெண்கள் விடுதிக்குச் செல்லலாமே என்று கேட்கலாம். நல்ல வழிதான். தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஆனால் பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறையில் பூனைக்கு இடம் எதிர்பார்க்க இயலாது.

பூனையை விட்டுவிட்டு வரலாகாதா?

தம்மையே நம்பியிருக்கும் உயிரைத் தெருவில் விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிது. ஆனால் பட்டினியால் துன்புறும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நமக்கோ சட்டத்திற்கும் முந்திய அறிவுரை இருக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல், இரை தேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த ஒரு பெண் நரகம் புகுந்ததைப் பற்றிய நபிமொழியை அறியாதார் யார்? அபூகதாதா (ரலி) அவர்கள் தம் உளூவுக்கு வைத்திருந்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். ஆகவே, 'பூனை இருந்தால் வீடு தரமாட்டோம்' என்பதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்ட இயலாது. நாயின் நிலை வேறு. அதனை ஏற்க இயலாதவர் முதற்பேச்சிலேயே பணிவுடன் சொல்லிவிடுவது நலம்.

வீடு தேடும் சகோதரிக்கு

முதலில், பணியில் சேரும் மருத்துவமனையில் செவிலியர் குடியிருப்பு உண்டா எனக் கேளுங்கள். இல்லையெனில், பணிக்காலம் குறித்த கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் பாதி ஐயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, பூனையை மறைத்துக் குடிபுகாதீர்கள். மறைத்த பூனை ஒரு வாரத்தில் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். முன்னரே சொல்லி, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும், கருத்தடை செய்திருப்பின் அதன் சான்றையும் காட்டுங்கள்.

மூன்றாவது, குடியிருக்கும் காலம், முன்பணம், பூனைக்கான இசைவு, பூனையால் சேதம் நேரின் யார் பொறுப்பு ஆகிய நான்கையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். வாய்ச்சொல் மறந்துபோகும்.

நான்காவது, சன்னலுக்குக் கம்பிவலை உண்டா, இரவுப் பணி முடிந்து வந்தால் வாயிற்கதவின் சாவி கிடைக்குமா என்று குடிபுகுமுன் பாருங்கள். மணல் தட்டை நாள்தோறும் மாற்றுங்கள். நாற்றமே அண்டை வீட்டாரின் முதற் புகார்.

வீட்டுக்காரருக்கு

'இரவில் வருகிறாள், பகலில் உறங்குகிறாள்' என்று செவிலியைப் பற்றிப் பேசும் நாவுகள் உண்டு. தம் தாய் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது அதே நாவுகள் இரவுச் செவிலியை வாழ்த்தும்! 2020 மார்ச்சில், நோய் ஒட்டிக்கொள்ளும் என்றஞ்சி நாட்டின் பல ஊர்களில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் வாடகை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அதன் பின்னர் ஏப்ரல் 22 அன்று நடுவணரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரின் வாழ்விடத்திற்கு இடையூறு செய்வதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்துதான் நமக்கு நன்றியுணர்வைக் கற்பிக்க வேண்டுமா?

இன்னொன்றையும் நெஞ்சில் கை வைத்துச் சிந்தியுங்கள். பெயரைக் கேட்டவுடன் 'வீடு முடிந்துவிட்டது' என்று சொல்லப்பட்ட அனுபவம் நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு! அந்தக் கசப்பை அறிந்த நாமே மற்றொருவரைத் தனியாக இருப்பவர், சில மாதம் மட்டும் இருப்பவர், பூனை வைத்திருப்பவர் என்று சொல்லித் திருப்பியனுப்பலாமா? சேதத்திற்கு அஞ்சுவீர்களாயின் ஒரு மாத வாடகையைக் கூடுதலாக வாங்கி வைத்து, சேதம் இல்லையேல் முழுதும் திருப்பித் தாருங்கள். முன்பணம் நம்மிடம் இருக்கும் அமானிதமேயன்றி நம் பணமன்று.

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மருத்துவம் பார்க்க, காயமுற்றோரைப் பராமரித்து வந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரம் மதீனாப் பள்ளிவாசலிலேயே இடம்பெற்றது என வரலாறு கூறுகிறது. அன்று இறையில்லமே செவிலிக்கு இடம் தந்தது. இன்று நம் மாடியறை தரக்கூடாதா?

ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஒரு குறிப்பேடு வைக்கலாம். குறுகிய காலத்திற்கு அறை தர இசைபவர், வாடகை எவ்வளவு, முன்பணம் எத்தனை மாதம், பூனைக்கு இசைவுண்டா என நான்கு பத்திகள் போதும். தரகர் செலவு மிஞ்சும். ஊர் புதிதான பெண்ணுக்கு அறிந்தவர் வீடு கிடைக்கும். வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் முத்தவல்லியிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் மாடியில் அறை காலியாக இருக்குமாயின், முதற்பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.