மைதானத்துக்கு மீளும் நாள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் மாரி மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், விளையாட்டு ஆசிரியரின் விசில் ஓசை எங்கும் கேட்கத் தொடங்கும். நகரிலுள்ள மக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும், கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள பாடசாலைத் திடல்களும், உப்புவெளிக் கடற்கரை மணலுங்கூட மாலை நான்கு மணிக்குப் பின் இளைஞர்களால் நிறைந்துவிடும். இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டிகள் நெருங்குங் காலம் அது. அதே வாரங்களில் முறிவு நெரிவு வைத்தியரின் திண்ணையிலும், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும், தாயின் தோளைப் பற்றிக்கொண்டு நொண்டி வரும் பிள்ளைகளையும் காணலாம்.

இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்வது தற்செயலன்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திடல்களில் நீர் தேங்கி நிற்கும். பிள்ளைகள் வீட்டோடு இருந்துவிடுவர். மழை விட்டதும் போட்டிக்கு மூன்று நான்கு வாரங்களே எஞ்சியிருக்கும். இரண்டு மாதங்களாக ஓடாத கால், நாள்தோறும் நூறு மீற்றரும் இருநூறு மீற்றரும் முழு வேகத்தில் ஓடும்படி ஏவப்படுகிறது. இங்கே உடலின் இயல்பு ஒன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். இருதயமும் சுவாசப்பையும் பயிற்சிக்கு விரைவிற் பழகிக்கொள்ளும். இரண்டொரு வாரத்தில் மூச்சு இரைப்பது குறைந்துவிடும். தசை அதற்குப் பிந்தியே வலுப்பெறும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாரும் இன்னும் மெதுவாக, மாதக்கணக்கிலேயே வலுப்பெறுகின்றன. ஆகவே மூன்றாம் வாரத்தில் “இப்போது எவ்வளவும் ஓடலாம்” என்று பிள்ளைக்குத் தோன்றுகிறது. முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பில் வலி எழுவதும், தொடையின் பின்புறத் தசை ஓட்டத்தின் நடுவே ‘சுரீர்’ என்று கிழிவதும் பெரும்பாலும் அந்த வாரத்திற்றான்.

இதற்கு மருந்து மழைக் காலத்திலேயே உள்ளது. பாடசாலை விறாந்தையிற் கயிறு அடித்தலும், படிக்கட்டு ஏறுதலும், இருந்தெழும் பயிற்சியும் செய்யத் திடல் வேண்டியதில்லை. மழை விட்டபின் ஓட்டத்தின் தூரத்தையும் வேகத்தையும் வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றால் போதும். கடற்கரையில் ஓடுவோர்க்கு ஒரு சொல்: அலையடிக்கும் ஓரம் ஒருபுறஞ் சரிந்திருப்பதால், ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடுபவரின் ஒரு கால் மற்றக் காலினும் மிகுந்த சுமையைத் தாங்குகிறது. சென்ற வழியே திரும்பி ஓடுவது நன்று.

வளரும் பிள்ளைகள்பால் தனிக் கவனம் வேண்டும். பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்க்குக் குதிகாலிலும் முழங்காற் சிரட்டைக்குக் கீழேயும் வலி வருவது பெருவழக்கு. எலும்பு நீண்டு வளரும் பகுதி இன்னும் இறுகாதிருக்க, தசை அதனை ஓயாது இழுப்பதே காரணம். இவ்வலியைச் சோம்பலென்று கடிந்துகொள்ளும் பெரியோர் உளர். சில வாரம் பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறைத்தாலே பெரும்பாலும் தணிந்துவிடும் நோவு அது.

இனிக் காயம் பட்ட அந்த முதல் நாழிகையைப் பார்ப்போம். கணுக்கால் பிரண்டு பிள்ளை விழுந்ததும் நால்வர் ஓடிவந்து, ஒருவர் காலை இழுக்க, ஒருவர் தைலம் இட்டு அழுத்தி உருவ, இன்னொருவர் “எழுந்து நட, சரியாய்ப் போகும்” என்பார். அன்பினாற் செய்வதுதான், ஆயினும் உட்புறத்திற் கிழிந்து குருதி கசியும் இடத்தை உருவுவது அக்கசிவைப் பெருக்கும். முதல் இரண்டு நாள் உருவுதலும் சுடு ஒத்தடமும் ஆகா. காலை உயர்த்தி வைத்து, மிதமான இறுக்கத்துடன் துணிக்கட்டுப் போடுவதே முறை.

ஐஸ் வைக்கலாமா என்பது பலருடைய ஐயம். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரு சூத்திரமாக 1978ஆம் ஆண்டில் ஒரு நூலில் வகுத்துத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மேர்க்கின். அவரே 2014இல், நெடுநேரம் குளிரூட்டுவதும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே திருத்தும் நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இன்றைய கருத்து இதுவே: ஐஸ் நோவைத் தணிக்கும், துணியிற் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், அது புண்ணை ஆற்றும் மருந்தன்று. முழு ஓய்வும் ஓரிரு நாளுக்கே. அதன்பின், நோவு பொறுக்கும் அளவில், காலை மெல்ல அசைக்கவும் ஊன்றவும் தொடங்க வேண்டும்.

எலும்பு முறிந்ததா, வெறுஞ் சுளுக்கா என்பதை மைதானத்திலேயே ஓரளவு உய்த்துணரலாம். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் இதற்கென எளிய விதிகளை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ விரலால் அழுத்தும்போது நொந்தாலும், நான்கு அடி எடுத்து வைக்க இயலாதிருந்தாலும், எக்ஸ்ரே படம் எடுத்தே தீரவேண்டும். பாதத்தின் வெளியோரத்து நடுவெலும்பும் உள்ளோரத்து எலும்பும் அவ்வாறே. பிள்ளைகளில் எலும்பின் வளர்பகுதி முறிந்தாலும் வெளியே சுளுக்குப் போலவே தோன்றும் ஆதலின், ஐயம் இருப்பின் வைத்தியசாலையே முதற்படி.

இவ்வாறு கூறுவது முறிவு நெரிவு வைத்தியத்தை இகழ்வதன்று. கிழக்கிலங்கையில் அது தலைமுறை தலைமுறையாக வந்த கலை. சித்த மருத்துவம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. படத்தைப் பார்த்து முறிவு இல்லையென்று தெளிந்தபின் பற்றுப் போடுவதற்கும் எண்ணெய் இடுவதற்கும் காலம் உண்டு. முறை மாறிச் செய்வதிலேதான் தீங்கு.

எனினும் முதல் நாழிகையினும் பெரிதாய் அமைவது இறுதி வாரம். வீக்கம் வற்றிவிட்டது, நடக்கும்போது நோவில்லை, போட்டியோ மறுநாள். பிள்ளை ஓடலாமா? இவ்வினாவுக்கு விடை தரும்போதே பலருடைய விளையாட்டு வாழ்வு தீர்மானமாகிறது. ஒருவருக்குக் காயம் வருமா என்பதை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளுள் வலியது, அவருக்கு அதே இடத்தில் முன்பு காயம் பட்டிருத்தல். தொடைத் தசை கிழிந்தவருக்கு அதே தசை மீண்டுங் கிழிவதும், கணுக்கால் பிரண்டவருக்கு அதே கணுக்கால் மீண்டும் பிரள்வதும் மருத்துவர் நன்கறிந்தவை. பொத்திய வலையைப் போட்டுப் பார்க்காமலே கடலுக்குக் கொண்டுசெல்லும் மீனவர் எவரும் இலர். பொத்திய தசையை மட்டும் நாம் அவ்வாறே அனுப்புகிறோம்.

பிள்ளைகள் நோவை மறைப்பதும் உண்டு. மாகாண மட்டச் சான்றிதழ் ஒன்றும், தேசிய மட்டத் தெரிவு ஒன்றும் வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு எத்துணைப் பெரிய வாயில் என்பதை யாவரும் அறிவர். இல்லத் தலைவன் கெஞ்சுகிறான். தந்தையார் வேலி ஓரத்தில் நிற்கிறார். “நோகுதில்லை, சேர்” என்று பிள்ளை சொல்லிவிடுகிறது. ஆகவே வாய்ச்சொல்லைக் கேட்டு முடிவு செய்வதை விடக் காலைப் பார்த்து முடிவு செய்தலே தக்கது. காயம் பட்ட காலால் தெத்திப் பாயும் தூரம், மற்றக் காலால் பாயும் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இருத்தல் வேண்டும். நடை, மென்னோட்டம், முழு வேகம், வளைந்து திரும்பும் ஓட்டம், குழுவோடு பயிற்சி என ஒவ்வொரு படியும் நோவின்றிக் கழிந்து, மறுநாட் காலையில் வீக்கமும் இல்லையெனின் அடுத்த படி. நாட்காட்டி இங்கே வழிகாட்டியன்று. சிறு தசைக் கிழிவு இரண்டு மூன்று வாரத்தில் ஆறக்கூடும். பெருங்கிழிவு மாதங்களைக் கொள்ளும்.

முழங்காலின் உள்ளே குறுக்காக அமைந்த முன்நார் அறுந்தவர் கதை இன்னும் நீண்டது. வலைப்பந்தாட்டத்திற் பாய்ந்து பந்தைப் பிடித்து ஒற்றைக் காலில் இறங்கும் பெண்பிள்ளைகளுக்கு இது நேரக்கூடும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, மீள்வதை ஒவ்வொரு மாதம் பிற்போடுந்தோறும் முழங்காலில் மறுகாயம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது என 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஒன்பது மாதம் என்பது பாடசாலைப் பிள்ளைக்கு ஒரு முழு விளையாட்டுப் பருவம். அதனை இழக்கச் சொல்வது எளிதன்று. ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

காத்திருந்து வென்றவர் நம் நாட்டிலேயே உள்ளார். கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் 2004 ஓகத்து மாதம் வலது தோளிற் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். அப்போதே ஐந்நூறுக்கு மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகள் அவர் பெயரில் இருந்தன. வயதோ முப்பத்திரண்டு. அவரில்லாமலே இலங்கை அணி டெஸ்ட் தொடர்களை ஆடியது. 2005 யூலையில் அவர் டெஸ்ட் ஆட்டத்துக்கு மீண்டபோது, கண்டியில் மேற்கிந்தியருக்கு எதிராக ஓர் இன்னிங்சில் மாத்திரம் 46 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2010 யூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார். பெரிய ஆட்டக்காரருக்குத் தனி மருத்துவர் உண்டு, பாடசாலைப் பிள்ளைக்கு யார் உளர் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். தெத்திப் பாய்ந்து அளந்து பார்க்க மருத்துவர் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், “இன்று இல்லை” என்று சொல்லவல்ல ஆசிரியரும் போதும்.

காயம் வராமற் காப்பதற்கும் இவ்வாறே எளிய வழி உண்டு. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா, ஒசுலோ நகரத்து ஆய்வு நிலையத்தார் முதலியோரின் துணையுடன் 2006இல் இருபது நிமிட உடற்பயிற்சி முறை ஒன்றை வகுத்தது. எட்டு நிமிடம் பலவகை மென்னோட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும் பாய்ச்சலும், இரண்டு நிமிடம் விரைவோட்டம். நோர்வேயில் பதின்மூன்று முதல் பதினேழு வயதுள்ள 1,892 பெண் ஆட்டக்காரரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். 2008இல் வெளிவந்த முடிவின்படி, இம்முறையைக் கையாண்ட குழுக்களிற் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுங்காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாயின. நம் திடல்களில் வழங்கும் பழைய முறையோ, வட்டமாக நின்று குனிந்து கால் விரலைத் தொட்டுச் சற்றே நிற்பது. அது தீதன்று, ஆனால் அது மாத்திரம் காயத்தைப் பெரிதுந் தடுப்பதில்லை.

அப்பயிற்சிகளுள் ஒன்று தொடையின் பின்தசைக்கென உள்ளது. முழந்தாளிட்டு நிமிர்ந்திருப்பவரின் கணுக்கால்களைத் தோழர் ஒருவர் நிலத்தோடு அழுத்திப் பிடிக்க, அவர் உடலை வளைக்காது முன்னோக்கி மெல்ல மெல்லச் சாய்ந்து, தாங்க முடியாத நிலையிற் கைகளை ஊன்ற வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து முறை போதும். தசை நோகும், பின் பழகிவிடும். இப்பயிற்சியை விடாது செய்யும் குழுக்களில் அத்தசைக் காயம் பாதியளவாகக் குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. கணுக்காலுக்கு இன்னும் எளிது: தம்பலகாமத்து வயலிற் கொக்கு நிற்பதுபோல் ஒற்றைக் காலில் நிற்றல். காலையிற் பல் துலக்கும்போதே செய்யலாம். இயன்றபின் கண்ணை மூடிக்கொண்டு நிற்கப் பழகலாம். அது தோன்றுமளவு எளிதன்று.

தலையில் அடிபட்டுத் தடுமாறும் பிள்ளையை அன்றைக்கு மீண்டும் களத்தில் இறக்கலாகாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

இதுகாறுங் கூறியவை பொறுத்திருந்தால் ஆறுவன. பொறுத்திருக்க இடந்தராத கேடு ஒன்றும் உண்டு, அது வெப்பம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று திருகோணமலையை வறட்டும்போது, பகல் வெப்பம் 35 சதம பாகையை அண்மிக்கும். அப்பருவத்திற் பயிற்சி காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் அமைதல் வேண்டும்; வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் செல்லும். கிழக்கு மாகாணத்தின் திருக்கோவிலில் 2024 மார்ச்சு மாதம் பாடசாலை நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தமை பலர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒரு மரணத்தின் காரணத்தை மருத்துவரே கூற வல்லார். ஆயினும் நெடுந்தூர ஓட்டம் நடத்தும் எவரும் தொடக்கக் கோட்டில் நீரும் நிழலும் குளிர்ந்த நீர்த் தொட்டியும் ஆயத்தமாக வைத்திருத்தல் கடன்.

ஓடும் பிள்ளை தள்ளாடினாலும், பொருத்தமின்றிப் பேசினாலும், கேட்டதற்கு விடை தராது விழித்தாலும், உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்திருக்கலாம் என்று கொள்ளவேண்டும். ஒருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய வண்டியை வரவழைக்க, மற்றவர்கள் அக்கணமே பிள்ளையை நிழலுக்குத் தூக்கிச் சென்று, மேற்சட்டையைக் கழற்றி, தொட்டி நீரில் கழுத்தளவு அமிழ்த்தித் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொட்டி இல்லையேல் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றி, ஈரச் சேலையாற் போர்த்தி விசிறலாம். நினைவு தெளியாதவர் வாயில் நீரோ குளுக்கோசோ ஊற்றலாகாது. வண்டி வந்த பின்னரும், உடல் குளிரும் வரை நீர் ஊற்றுவதை நிறுத்தாது, குளிர்ந்த பின்னரே ஏற்றுதல் வேண்டும்.