சீட்டில் எழுதியது ஒன்று, கடையில் கொடுத்தது ஒன்று

1995இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒடெஸா என்ற ஊரில், நெஞ்சுவலியோடு வந்த 42 வயதுக்காரர் ஒருவருக்கு இதய மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதினார். ஐசார்டில் 20 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. மருந்துக்கடையில் அதை 'ப்ளெண்டில்' என்று படித்தார்கள். ப்ளெண்டில் ரத்த அழுத்த மருந்து; ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மருந்தின் மேல் எழுதியிருந்தபடி சாப்பிட்டால் நாளொன்றுக்கு 80 மில்லிகிராம். அவருக்கு மாரடைப்பு வந்தது, இறந்தார். 1999இல் நடுவர் குழு 4,50,000 டாலர் இழப்பீடு விதித்து, மருத்துவரும் மருந்தாளுநரும் ஆளுக்குப் பாதி கொடுக்கச் சொன்னது. மருத்துவர் தேர்ந்தெடுத்த மருந்து சரி, அளவும் சரி. ஓர் உயிர் போனது கையெழுத்தால்.

நம் ஊர்ச் சீட்டில் 1-0-1 என்று போட்டால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். இந்தக் கணக்குக்குள் அடங்காத மருந்துகளில்தான் ஆபத்து இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் அதே சீட்டில் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். 'வாரம் ஒன்று' என்பது கிறுக்கலாகி, கடைக் கவரின் மேல் 'தினம் ஒன்று' என்று ஏறிவிட்டால், கொஞ்ச நாளில் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி சரியும். அதன்பிறகு ஒரு சாதாரணத் தொற்றே ஆளைச் சாய்த்துவிடும். பல நாடுகளில் இப்படி மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. இன்சுலினிலும் இதே கதைதான்: யூனிட்டைக் குறிக்கும் 'யு' என்ற ஆங்கில எழுத்தின் மேல்வாய் மூடிக்கொண்டால் அது பூஜ்யம், 10 யூனிட் 100 ஆகிவிடும்.

மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2025இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல உத்தரவுகள்தான். ஆனால் இந்தியாவில் ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரம் சுமார் 2 நிமிடம் என்று 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது யாரும் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். எழுதினாலும், தப்பான அளவைக் காகிதம் தடுக்காது. ஒடெஸாவில் அந்தச் சீட்டு கணினி வழியாகப் போயிருந்தால் மருந்தின் பெயர் மாறியிருக்காது.

மருத்துவர்களைக் கணினிச் சீட்டின் பக்கம் இழுக்க அமெரிக்க அரசு முதலில் பணம் கொடுத்தது. 2009இல் மின்னணுச் சீட்டு அனுப்பியவர்களுக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் கட்டணத்தில் 2 சதவீதம் கூடுதல். 2012இல், அனுப்பாதவர்களுக்கு 1 சதவீதம் பிடித்தம். நியூயார்க் மாநிலத்தில் 2016 மார்ச்சில் அது சட்டப்படி கட்டாயமாகவே ஆனது. இங்கே கணினி, மென்பொருள், தட்டச்சு செய்ய ஓர் ஆள் என்று மொத்தச் சுமையையும் சின்ன கிளினிக் நடத்தும் மருத்துவர் தலையில் கட்டினால் அவர் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். அந்தச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் சீட்டின் படத்தை மின்னணுச் சீட்டு என்று நம்பிவிடக் கூடாது. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் கிறுக்கலைப் படம்பிடித்தாலும் கிறுக்கல்தான்.

சரியான மென்பொருளிலும் எச்சரிக்கை தேவை. ஓர் அமெரிக்க மருத்துவமனையின் கணினி முறை 22 வகைப் பிழைகளுக்கு வழிவிட்டதை 2005இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பட்டியலில் பக்கத்து வரி மருந்தைத் தொட்டுவிட்டால் அச்சில் அழகாகத் தெரியும், யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் மெத்தோட்ரெக்சேட் என்று தட்டினால் 'வாரம் ஒரு முறை' என்பது தானாக வந்து நிற்கும்படி மென்பொருளை அமைக்க வேண்டும் என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

இன்னொன்று, பழைய சீட்டு. மருத்துவர் நிறுத்திவிட்ட மாத்திரையை, மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தச் சீட்டையே காட்டி மாதாமாதம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மருந்து நிறுத்தப்பட்டதும் அந்தச் செய்தியும் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவில் சீட்டு அனுப்பும் வசதி பரவிய வேகத்தில் ரத்துச் செய்தி அனுப்பும் வசதி பரவவில்லை. நாம் இப்போதுதான் தொடங்குகிறோம். இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.