727 குதிரைக்கு 2,435 கிலோ

பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் புதிய எம்5 காரை 2024 ஜூன் மாதக் கடைசியில் வெளியிட்டது. அன்று கார்ப் பித்தர்களின் கண், விவரப் பட்டியலின் அடியில் கிடந்த ஓர் எண்ணில் போய் நின்றுவிட்டது: 2,435 கிலோ. முந்தைய எம்5ஐ விட ஏறத்தாழ 500 கிலோ அதிகம். 727 குதிரைவலு, 1,000 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை, 4.4 லீற்றர் வி8 இயந்திரம், கியர்ப்பெட்டிக்குள் ஒரு மின் மோட்டார் என்று மற்ற எண்கள் எல்லாம் வாய்பிளக்க வைப்பவை. ஆனாலும் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வரை கேட்டது ஒரே ஒப்பாரி: “இது எம்5 இல்லை, லொறி.”

இந்த ஒப்பாரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் வந்த முதலாவது எம்5க்கு 286 குதிரைவலு கொண்ட ஆறு சிலிண்டர் இயந்திரம். நிறை ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் நான்கு கதவுக் கார், பந்தயக் காரைப்போல் வளைவுகளில் பாய்ந்தது. அதைக் கண்டு மயங்கியவர்களும், அந்த மயக்கத்தைக் கேள்விப்பட்டு வளர்ந்தவர்களுமே இன்று அழுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இந்தக் காரை வாங்கப் போவதில்லை. திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியில் இருந்துகொண்டு கைபேசியில் பார்க்கும் எங்கள் பொடியன்களும் வாங்கப் போவதில்லை. கருத்துச் சொல்வதற்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் என் மருமகன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “மாமா, வலு நூறு கூடியிருக்கு. பிறகேன் பழையது 3.3 செக்கனில் எட்டின நூறை இது 3.5 செக்கனில் எட்டுது?”

நியாயமான கேள்வி. பழைய எம்5 கொம்பெட்டிஷனுக்கு 625 குதிரைவலு. நிறை 1,900 கிலோவை ஒட்டியது. ஒரு தொன்னுக்குக் கிட்டத்தட்ட 330 குதிரை. புதியதில் அது 300க்கும் கீழே இறங்கிவிட்டது. வலு நூற்றுக்குப் பதினாறு கூடியபோது நிறை நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் கூடிவிட்டது. அவ்வளவுதான் கணக்கு. ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கை இருக்கையில் சாய்ந்திருப்பவரின் முதுகு உணராது. காகிதத்தில் மட்டும் அது பெரிய அவமானம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஒரு கார் எவ்வளவு விரைவாகக் கிளம்பலாம் என்பதற்கு மேல் வரம்பு போடுவது இயந்திரம் அல்ல, ரயர். ரயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் நல்ல வீதி ரயர்களில் ஒன்றை ஒட்டியிருக்கும். அப்படியானால் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய ஆர்முடுகல் ஈர்ப்பு ஆர்முடுகலுக்குச் சமன், செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 27.8 மீற்றர். வகுத்துப் பாருங்கள்: 2.8 செக்கன். எத்தனை ஆயிரம் குதிரையைக் கட்டினாலும் அந்த ரயரில் அதற்குக் கீழே இறங்க முடியாது. சில்லு நின்ற இடத்தில் சுற்றிப் புகைதான் வரும்.

அப்படியென்றால் சீனாவின் ஷாவ்மி எப்படி 1.98 செக்கன் என்று சொல்கிறது? கைபேசி செய்யும் அதே ஷாவ்மிதான். 2024 அக்டோபரில் அது காட்டிய எஸ்.யூ.7 அல்ட்ரா, மூன்று மோட்டார்களில் 1,548 குதிரைவலு கொண்ட மின்சார செடான். ஒட்டும் ரயரும் ஒட்டும் தளமும் இதில் ஒரு பங்கு. மற்றப் பங்கு சிற்றெழுத்து விளக்கத்தில் இருக்கிறது: முதல் ஓர் அடியை நேரக்கணக்கில் சேர்ப்பதில்லை. இது ஷாவ்மியின் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்க நேர்கோட்டுப் பந்தயத் தடங்களில் முன்சில்லு ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த வழக்கம் விளம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஈர்ப்புக்குச் சமனான ஆர்முடுகலில் 30 சென்ரிமீற்றரைக் கடக்கக் கால் செக்கன் பிடிக்கும். அதற்குள் கார் மணிக்கு 9 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டிருக்கும். பூச்சியத்திலிருந்து நூறு என்று அச்சடிப்பது உண்மையில் ஒன்பதிலிருந்து நூறு. ஒரு நிறுவனம் இதைக் கழித்தும் இன்னொன்று கழிக்காமலும் சொல்லும் எண்களை அருகருகே வைத்துச் சண்டை பிடிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அல்ட்ராவின் உரிமையாளர்கள் வேறொரு காரணத்துக்காகவும் கொதித்தார்கள். 2025 மே மாதம், ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் சாதாரண வீதியில் காரின் வலுவை 900 குதிரைக்கு மட்டுப்படுத்தி, பந்தயத் தடத்தில் குறித்த நேரத்துக்குள் ஒரு சுற்று ஓடிக் காட்டினால்தான் முழுவதையும் திறப்போம் என்றது ஷாவ்மி. காசு கொடுத்து வாங்கிய குதிரைகளைத் தொழுவத்தில் பூட்டுவதா என்று கூச்சல் எழவே, நிறுவனம் பின்வாங்கியது. என் மனம் இதில் நிறுவனத்தின் பக்கம். 1,500 குதிரையைக் கையாள எந்த ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் யாரையும் தயார்ப்படுத்தவில்லை.

எம்5இன் நிறைக்கு வருவோம். “வளைவில் திணிவு வெட்டுப்பட்டுப் போகுமே, மாமா” என்றான் மருமகன். புத்தகப்படி சரிதான். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை, உராய்வுக் குணகம் ஒன்றாக இருந்தால், மணிக்கு 80 கிலோமீற்றர் வரை எடுக்கலாம். ஒரு தொன் காருக்கும் இரண்டரைத் தொன் காருக்கும் ஒரே விடை. ஆனால் இறப்பர் பாடப்புத்தகம் படித்ததில்லை. மரக்கட்டையைப் போல அது நடப்பதில்லை; மேலே சுமை ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் சற்றுச் சற்றாகக் குறையும். சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகவே கூடும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க ரயர்கள்மேல் சுமை குவிய, இந்த இழப்பு இன்னும் கூடும். அதை ஈடுசெய்ய ரயரை அகலமாக்குகிறார்கள். அகல ரயருக்குப் பெரிய சில்லு, பெரிய சில்லுக்குப் பெரிய தடுப்பு, அதைத் தாங்கத் தடித்த சட்டகம் என்று நிறை நிறையைக் கூட்டிக்கொண்டு போகும். பித்தர்களின் அழுகையில் இந்த இடத்தில் முழு நியாயம் இருக்கிறது.

தடுப்பிலும் அப்படித்தான். மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் புதிய எம்5இன் இயக்கசக்தி ஏறத்தாழ 940 கிலோயூல். நான்கு இரும்புத் தட்டுகளும் சேர்ந்து 40 கிலோ என்று வைத்துக்கொண்டு, அந்தச் சக்தி முழுவதும் அவற்றுக்குள் வெப்பமாக இறங்கினால், ஒரே தடவையில் வெப்பநிலை 50 பாகை ஏறும். வேகம் 200 ஆனால் சக்தி நான்கு மடங்கு, ஏற்றம் 200 பாகை. பந்தயத் தடத்தில் இது வளைவுக்கு வளைவு நடக்கும். மின் மோட்டார் தன் பங்குக்குக் கொஞ்சத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பும்தான். ஆனால் அந்தப் பற்றரியும் மோட்டாருமே நிறை கூடியதற்கு முதற் காரணம் என்பதை மறக்கக் கூடாது.

பிறகேன் அவற்றை ஏற்றினார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல், விற்கும் கார்களின் சராசரிக் காபனீரொட்சைட்டுக்குக் கிலோமீற்றருக்கு 95 கிராம் என்ற அளவில் எல்லை வைத்தார்கள், மீறினால் தண்டம். செருகி மின்னேற்றும் ஹைப்ரிட் கார்களைச் சோதிக்கும்போது, ஓட்டத்தில் பெரும்பங்கு பற்றரியில்தான் நடக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். எம்5 பற்றரியில் மட்டும் 65 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஆகவே 727 குதிரைவலுக் கார் சந்தைக்கு வந்தபோது அதன் அதிகாரபூர்வ வெளியீடு 40 கிராமுக்கும் குறைவு. பெற்றோல் 100 கிலோமீற்றருக்கு 2 லீற்றருக்கும் குறைவு. பற்றரி தீர்ந்த பிறகு வி8 குடிப்பதைப் பார்த்தவருக்கு இது பகிடியாகத்தான் இருக்கும். அந்த 500 கிலோவில் ஒரு பெரும் பங்கு பொறியியலாளர் வைத்தது அல்ல, கணக்காளர் வைத்தது.

அதே நெருக்கடிக்கு மெர்சிடிஸ் வேறொரு விடை எழுதி, பித்தர்களிடம் இன்னும் மோசமாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 2022 செப்டம்பரில் வெளியான ஏ.எம்.ஜி சி63இல் வி8ஐத் தூக்கிவிட்டு, 2 லீற்றர் நான்கு சிலிண்டர் இயந்திரத்தையும் பின்னால் ஒரு மின் மோட்டாரையும் வைத்தார்கள். வலு 510இலிருந்து 680க்கு ஏறியது. எவரும் கைதட்டவில்லை. போனது சத்தம்.

சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் வி8, ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு வீதம், செக்கனுக்கு 400 வெடிப்புகள் தரும். நான்கு சிலிண்டர் 200 மட்டுமே. அதைவிட முக்கியம் ஒழுங்கின்மை. குறுக்குத்தள வளைதண்டு கொண்ட வி8இல் இயந்திரம் முழுவதையும் எடுத்தால் வெடிப்புகள் சீராக வரும், ஒரு பக்க நான்கு சிலிண்டர்களை மட்டும் எடுத்தால் சீராக வராது. இரண்டு தொடர்ந்து வரும், பிறகு ஓர் இடைவெளி. அந்த நொண்டல்தான் புகைக்குழாயில் தாழ்ந்த மீடிறன்களாகக் கலந்து நெஞ்சில் இடிக்கும் குமுறலாகிறது. 2011இன் எம்5இலேயே இயந்திரச் சத்தத்தை ஒலிபெருக்கி வழியாகக் காருக்குள் ஊட்டத் தொடங்கிவிட்டார்கள். அன்றே அழுது தீர்த்திருக்க வேண்டியவர்கள் இன்று சி63க்காக அழுகிறார்கள்.

இந்த வேகமெல்லாம் எங்கள் ஏ15 வீதியில் என்னவாகும்? முதலாவது எம்5 வந்த காலத்தில், கிளிவெட்டியிலிருந்து கரையோர வீதியால் திருகோணமலைக்குப் போகிறவர் கங்கைத்துறையிலும் கிண்ணியாவிலும் வாகனத்தைப் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏற்றிக் கடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. இப்போது வீதி வழுக்கிக்கொண்டு போகிறது. சட்டம் காருக்கு அனுமதிப்பது 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்க எம்5க்கு ஏறத்தாழ மூன்று கிலோவாட்டும், ரயரின் உருளல் தடைக்கு நாலரைக் கிலோவாட்டும் போதும். கூட்டினால் பத்துக் குதிரைவலு. வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டரின் இயந்திரம் அதைத் தந்துவிடும். மிச்சம் 717 குதிரையும் மாடு கடக்கும் வரை காத்திருக்கும்.

கவனித்தீர்களா, இந்த வேகத்தில் காற்றைவிட நிறைதான் அதிகம் தின்கிறது. உருளல் தடை நிறையோடு நேராகக் கூடுவது. 70இல் போகிறவருக்குத் தாழ்ந்து வழிந்த உடலழகு அலங்காரம். கிலோ ஒவ்வொன்றும் செலவு. 100ஐத் தொடும் முன்பே காற்று முந்திவிடும், ஏனென்றால் அதற்கான வலு வேகத்தின் மும்மடிக்கு ஏறும்.

வீதியின் கணக்கு இன்னொன்று. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சுற்றுவட்டத் தடங்களில் இரவு பகலாக லொறிகளை ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். வீதிக்கு ஏற்படும் தேய்வு அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏறுகிறது என்று அதிலிருந்து கண்டார்கள். அந்த விதிப்படி புதிய எம்5, 1985இன் எம்5ஐப் போல எட்டு மடங்கு தேய்வைத் தரும். எட்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம். மணல் ஏற்றிவரும் டிப்பரின் 8 தொன் அச்சு ஒன்று, எம்5இன் அச்சு இரண்டாயிரத்துக்குச் சமன். எங்கள் வீதி உடைவதற்கு ஜெர்மனியைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கார்களுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் நிறைய இருக்கின்றன. இரண்டும் ரைற்றேனியத்தின் தாதுக்கள். அதிலிருந்து வரும் ரைற்றேனியம் ஈரொட்சைட்டே வெள்ளை வர்ணத்தின் உயிர். அதே மணலில் சிறிதளவு மோனசைற்றும் உண்டு. மோனசைற்றுக்குள் இருக்கும் அரிய மண் மூலகங்களில் நியோடிமியம் ஒன்று. எம்5இன் மோட்டாரில் சுழலும் நிலைக்காந்த வகைக்கு வேண்டிய உலோகம் அது. நாங்கள் மணலை மணலாகக் கப்பலில் ஏற்றுகிறோம். காந்தமாக்குவது வேறு நாடுகளின் வேலை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இங்கே தீர்வை பெற்றோல் காருக்கு இயந்திரக் கொள்ளளவின் கன சென்ரிமீற்றர்ப்படியும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்படியும் விழும். விலையுயர்ந்தவற்றுக்கு ஆடம்பர வரியும் உண்டு. நோர்வே 2023 முதல் மின்சாரக் கார்களிடமும் 500 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் வாங்குகிறது. பிரான்ஸ் 2022இல் 1,800 கிலோவில் தொடங்கிய நிறைத் தண்டத்தை 2024இல் 1,600 கிலோவுக்கு இறக்கிவிட்டது. பித்தர்களும் வரி அதிகாரிகளும் ஒரே எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் அதிசயம் அங்கே நடக்கிறது. எங்கள் தீர்வைப் பட்டியலில் நிறைக்கு இன்னும் ஒரு நிரல் இல்லை. அதைச் சேர்த்தால் எம்5க்கு முன்னால் மாட்டிக்கொள்ளப் போவது, கொழும்பில் இப்போது வரிசையாக வந்திறங்கும் பெரிய ஜீப்புகள்தான்.