ஒரு கோழிக்கு எத்தனை நாள், எவ்வளவு நிலம்?

டெல்லிக் கடைகளில் விலை கூடிய கோழிப் பொட்டலம் மூன்று வாக்குறுதி தருகிறது: ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, ஆர்கானிக். மூன்றின் அடக்கவிலையும் ஒன்றல்ல.

ஹார்மோன்: செலவு 0

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் மூன்று காலத்து இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டது. 56ஆம் நாள் எடை:

- 1957 இனம்: 905 கிராம்
- 1978 இனம்: 1,808 கிராம்
- 2005 இனம்: 4,202 கிராம்

ஹார்மோன் ஊசியில்லாமலே நாலரை மடங்கு. எல்லாம் இனத்தேர்வின் வேலை. போடாத ஹார்மோனைப் போடவில்லை என்று சொல்ல யாருக்கும் காசு செலவில்லை. அதற்காக நாமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஆன்டிபயாடிக்: 28 நாள்

அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு:

- டெல்லி வட்டாரத்தில் வாங்கிய மாதிரிகள்: 70 (டெல்லி 36, நொய்டா 12, குர்கான் 8, ஃபரிதாபாத் 7, காசியாபாத் 7)
- தேடிய மருந்துகள் 6, அகப்பட்டவை 5
- எச்சம் இருந்த மாதிரிகள்: 40 சதவீதம், அதாவது 28
- ஒன்றுக்கு மேல் மருந்து இருந்தவை: 17.1 சதவீதம், அதாவது 12

மருந்துச் சீட்டில் தனிக் காலக்கெடு குறிக்கப்படாவிட்டால், கடைசி வேளைக்கும் அறுப்புக்கும் இடையே குறைந்தது 28 நாள் விட வேண்டும் என்பது 2012இல் வந்த விதி. பிராய்லரின் ஆயுள் சுமார் 42 நாள். 42-இல் 28 போனால் 14. பதினான்காம் நாளுக்குப் பிறகு அந்த மருந்தைக் கொடுத்தால், அறுப்பைத் தள்ளிப்போட வேண்டும். ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு ஏறும். மருந்தில்லாக் கோழியின் கூடுதல் விலைக்கு நியாயமான காரணம், நோய் வராமல் கொட்டகையைக் காக்கும் செலவும் அதையும் மீறிச் சாகும் குஞ்சுகளின் இழப்பும்.

2019இல் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் தீவனத்துக்கும் விற்க நடுவண் அரசு தடை விதித்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் மருந்து அது.

ஆர்கானிக்: நாளும் நிலமும்

ஐரோப்பிய ஆர்கானிக் விதியை அளவுகோலாக வைத்து 1,000 கோழிக்குக் கணக்குப் போடலாம்.

- வயது: மெதுவாக வளரும் இனம் அல்லாவிட்டால் குறைந்தது 81 நாள்
- பேட்ச்: இடையே 14 நாள் கொட்டகை ஓய்வு என்றால் ஆண்டுக்கு 3.8, பிராய்லருக்கு 6.5
- இடம்: பிராய்லருக்குத் தலைக்கு ஒரு சதுர அடி, மொத்தம் 93 சதுர மீட்டர். ஆர்கானிக் கோழிக்குக் கொட்டகையோடு மேய்ச்சல் வெளி தலைக்கு 4 சதுர மீட்டர், மொத்தம் 4,000. ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

மருந்தில்லாக் கோழி 42 நாளில், ஒரு சதுர அடியில் வளர்ந்ததாக இருக்கலாம். அதை ஆர்கானிக் விலைக்கு வாங்கினால் நிலத்துக்கான காசு வீண்.

இந்தியாவின் 2017 விதிப்படி, நுகர்வோரிடம் நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளர் நீங்கலாக, ஆர்கானிக் என்று விற்பவர் சான்று பெற வேண்டும். ஆகவே பொட்டலத்தில் ஜைவிக் பாரத் முத்திரையைப் பாருங்கள். கடைக்காரரிடம் இரண்டே கேள்வி போதும்: எத்தனை நாள் கோழி? கடைசியாக மருந்து கொடுத்தது எப்போது? எண்ணில் பதில் வராவிட்டால், சாதாரணக் கோழியின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.