நிலை தளரும் கால்களுக்கு ஒரு கூடம்

காஞ்சியை அடுத்த செவிலிமேட்டில் குழித்தறியில் அமரும் நெசவாளிக்குக் கை எவ்வளவோ, காலும் அவ்வளவே. மிதிபலகையை உணராத கால் தறிக்கு உதவாது. 1868-ல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ விவரித்த மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்னும் வியாதியில் நரம்பிழைகளைப் போர்த்திய உறை சிதைகிறது. மூளையின் கட்டளை அவயவங்களுக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. நோயாளி தள்ளாடி விழுகிறார். குடிவெறியென்று ஏளனஞ் செய்வோரும் நம்மில் உளர்!

வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. வேரறுப்பது இன்றுவரை இல்லை. எனினும் தள்ளாட்டத்தைத் தேகாப்பியாசத்தால் குறைக்கலாம். பாதங்களைச் சேர்த்து நிற்றல், ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நடத்தல், பின்னர் கண்மூடி நிற்றல் எனப் படிப்படியாக, பிடித்துக்கொள்ளக் கம்பி அருகிருக்க, பயின்றவர் மேற்பார்வையில் செய்தல் வேண்டும். உஷ்ணத்தால் தளர்ச்சி மிகுமாதலால் நம் ஊருக்கு விடியற்காலையே உகந்தது.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் 27-வது பிரிவு மறுவாழ்வுப் பணியைச் சர்க்காருக்கு மட்டுமன்றி ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் விதிக்கிறது. பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்னும் நிபந்தனையும் அதில் உண்டு. அதற்குள் ஒளிந்துகொள்ள இடமளிக்கலாகாது. 2021-ல் மாநகராட்சியான காஞ்சியின் எல்லைக்குள்தான் செவிலிமேடும் இருக்கிறது. நாம் கோருவது ஒரு கூடம், சுவரோரம் ஒரு கம்பி, வாரம் இருமுறை ஓர் இயன்முறை வைத்தியர். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டா என்பதைக் கவுன்சிலர்கள் சொல்லட்டும்.